பலுப்பி சொல்லாத சரி

"முடியாது" என்றாள் பலுப்பி. "அவர் பக்கத்துல உக்காந்தா அங்க யாரும் உண்மை பேச மாட்டாங்க. அப்படின்னா எனக்கு இந்த ஆய்வே வேண்டாம். பணத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த உதாமி அதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு எதிரே இருந்த மூன்று பெரியவர்களையும் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, ஐயா என்கிற மரியாதையோடு, "சரிங்க பாக். உங்க அக்கறைக்கு ரொம்ப நன்றின்னு சொல்றா" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு மூச்சு விடுகிற நேரம். அதற்குள் பலுப்பி வசமாக மாட்டிக்கொண்டாள்.

பலுப்பிக்குப் பிறவியிலேயே மூளைவாதம். கை, கால், கழுத்து, நாக்கு எதுவும் அவள் சொன்னபடி கேட்காது. சொன்னபடி கேட்பது மூளை ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு இந்தோனேசியாவின் சோலோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் முதுகலை வரை படித்துவிட்டாள். அவள் பேசினால், புதிதாகக் கேட்பவர்களுக்கு ஈரத்துணியைப் பிழிகிற சத்தம் மாதிரி இருக்கும். உதாமிக்கு மட்டும் அது தெளிவான பேச்சு. பெரியம்மா மகள்; ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவள். பலுப்பி சொல்வதைக் கேட்டு, உரக்க, எல்லாருக்கும் புரிகிற மாதிரி திருப்பிச் சொல்வது சின்ன வயதிலிருந்தே அவள் வேலை. பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டிலிருந்து பல்கலைக்கழகத்து வாய்மொழித் தேர்வு வரை பலுப்பியின் சொல் உதாமியின் வாய் வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறது.

அன்று வந்திருந்தது ஓர் அறக்கட்டளையின் நேர்காணலுக்கு. ஊனத்தைப் பற்றியும் மறுவாழ்வைப் பற்றியும் ஆராய்கிறவர்களுக்கு அவர்கள் ஆண்டுதோறும் உதவித்தொகை தருகிறார்கள். கல்லூரிக்கோ குழுவுக்கோ தருவதில்லை, தனி ஆளுக்கு. கேள்வி, களம், முடிவு எல்லாம் அந்த ஒருவருடைய சொந்தமாக இருக்க வேண்டும்.

அதனால்தான் குழுவில் இருந்த கண்ணாடி போட்ட அம்மாள் முதலிலேயே கேட்டுவிட்டார். "தப்பா நினைக்காதீங்க. இந்தப் பதிலெல்லாம் உங்களோடதா, உங்க அக்காவோடதா? எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு வார்த்தையும் என்னோடது" என்றாள் பலுப்பி. "அக்கா தபால்காரி. கவரைப் பிரிச்சுப் பாக்கற பழக்கம் அவங்களுக்குக் கிடையாது."

இதை உதாமி அப்படியே சொன்னாள். மூவரும் சிரித்தார்கள். கண்ணாடி அம்மாளின் முகம்கூட இளகிப் போயிற்று.

அதற்கு அடுத்த கேள்விதான் குழுத்தலைவர் ஹர்கோனோவுடையது. ஓய்வு பெற்ற மருத்துவர், நரைத்த தலை, பஞ்சு மாதிரி குரல். "நீங்க ஆய்வு செய்யப் போற மறுவாழ்வு இல்லத்தோட தலைவர் சர்வோகோ எனக்கு ரொம்ப வேண்டியவர். ஒவ்வொரு பேட்டியிலும் அவரும் கூட உக்காந்துக்கட்டும். அங்க இருக்கறவங்களுக்கும் தைரியமா இருக்கும். சம்மதம்தானே?"

உதாமி 'சரிங்க' என்றதும் பலுப்பி பதறிப்போய்த் தலையை ஆட்டினாள். ஆனால் பாருங்கள், அவள் தலை எப்போதுமே ஆடிக்கொண்டுதான் இருக்கும். "இல்லை, இல்லை, நான் அப்படிச் சொல்லலை" என்று கத்தினாள். கத்தினால் இன்னும் குழறும். உதாமி கைக்குட்டையால் அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"சந்தோஷத்துல பேச்சே வரல பாருங்க, பாவம்" என்றார் ஹர்கோனோ. அவர் கண் கலங்கியிருந்தது.

நேர்காணல் முடிந்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். உதாமியின் மோட்டார் சைக்கிளோடு ஒரு பலகை வண்டியை இணைத்து, அதில் சக்கர நாற்காலியோடு பலுப்பியை ஏற்றிக்கொள்வது வழக்கம். பெரிய சாலையில் ரயில் போவதற்காக எல்லா வண்டிகளும் ஓரம் கட்டி நின்றன. சோலோவில் ரயிலும் நம்மோடு சேர்ந்து தெருவில்தான் வரும். எஞ்சினை அணைத்ததும் பலுப்பி கேட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படிச் சொன்னேன்?"

"நான் முடியாதுன்னேன்."

"ஆமா, முடியாதுன்ன. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

"அந்தப் பெரியவர் எவ்வளவு பதமா கேட்டார்? அவர் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படிடி சொல்றது? என் வாயில வரலை."

"அது உன் வாய் இல்ல. என் வாய்."

"ஓ! அப்ப வண்டியையும் உன் வாயாலேயே வீட்டுக்கு ஓட்டிட்டு வா. நான் பஸ்ஸுல போறேன்."

பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் இருவரையும் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பாதிச் சண்டைதான் கேட்டிருக்கும். ரயில் மெதுவாக அவர்களைக் கடந்து போயிற்று. அது போன பிறகும் உதாமி எஞ்சினைக் கிளப்பவில்லை.

"லுப்பி, நீ சொல்ற முடியாது யாருக்கும் புரியாது. அது காத்தோட போயிடும். என் வாயிலேர்ந்து வந்தா அவங்க என்னைத்தான் பாக்கறாங்க. யாரு அந்தத் திமிர் பிடிச்ச பொம்பளைன்னு நாளைக்குக் கேட்டா, உன் பேர் வராது. என் பேர்தான் வரும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நீ வாத்தியாரைத் திட்டுவ, அடி எனக்கு விழும்."

பின்னால் நின்றவர்கள் ஒலி எழுப்ப ஆரம்பித்தார்கள்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை மாத்திச் சொல்லியிருக்க?" என்று கேட்டாள் பலுப்பி.

உதாமிக்கு அது காதில் விழுந்திருக்கும். அவள்தான் காது நல்லாத்தான் இருக்கு என்றாளே. ஆனால் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

உதவித்தொகை கிடைத்துவிட்ட செய்தி கொஞ்ச நாளில் வந்தது. பலுப்பியின் அம்மா மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, சுற்றிலும் பொரித்த தெம்பே என்கிற சோயாக் கட்டியும் முட்டையும் வைத்து, தெரு முழுக்கக் கொடுத்தனுப்பினாள். தனி ஆய்வாளர் பலுப்பி என்று அறிவிப்பில் பேர் போட்டிருந்ததை உதாமி எல்லாருக்கும் காட்டினாள். "தனி ஆளுன்னா அவ ஒண்ணு, நான் ஒண்ணு, இந்த வண்டி ஒண்ணு" என்று சிரித்தாள். அடுத்த வாரமே தன் சலவைக்கடையை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் இனி இதுதான் சோறு.

பலுப்பி வலதுகையின் நடுவிரல் முட்டியால் தொலைபேசியில் ஓர் எழுத்தாகத் தட்டி எழுதுவாள். ஹர்கோனோவுக்கு எழுதினாள். 'நேர்காணலில் நான் சொன்னது அது இல்லை. என் அக்கா மாற்றிச் சொல்லிவிட்டாள்.' எழுதி முடிக்க ஒரு முழு மதியம் ஆயிற்று. முடித்ததும் அதைக் கண்ணாடி அம்மாள் படிப்பது போல் நினைத்துப் பார்த்தாள். 'அப்படியானால் மற்றதெல்லாம் மட்டும் இவளுடையதா?' என்றுதானே கேட்பார்? இனிமேல் இப்படியொரு வாயோடு யார் வந்து அந்த மேசைக்கு முன்னால் நின்றாலும், 'போன தடவை ஒருத்தி வந்தாளே' என்று வாசலைக் காட்டிவிடுவார்கள்.

மனசு மாறிவிட்டது என்று எழுதலாம். ஏன் என்று கேட்க ஹர்கோனோ தொலைபேசியில் கூப்பிடுவார். அதை யார் எடுத்துப் பேசுவது? உதாமிதான்.

எந்தப் பக்கம் போனாலும் வாசலில் உதாமி நின்றுகொண்டிருந்தாள். எழுதியதை அழிப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.

ஆய்வையே விட்டுவிடலாமா? அதுவும் அவளால் ஆகாது. பள்ளிக்கூட வயதில் சில வருஷங்கள் அவள் கழித்தது பெபே ஆற்றங்கரையில் இருந்த அதே இல்லத்தில்தான். அந்திநேர மக்ரிப் தொழுகை முடிந்ததும் ஊழியர்கள் வருவார்கள். ஒவ்வொருவரையும் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, சக்கர நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய் சாமான் அறையில் பூட்டிவிடுவார்கள். டயர் தேயாமல் இருக்குமாம். விடிகிற வரை தாகம் எடுத்தாலும் வயிறு வலித்தாலும் கட்டில்தான் உலகம். காலையில் நன்கொடையாளர்கள் வரும்போது நாற்காலிகள் பளபளவென்று வரிசையில் நிற்கும். மறுவாழ்வு நன்றாக நடக்கிறது என்று அறிக்கை போகும். இதை அவள் ஒருத்தி சொன்னால் புகார். அங்கே இருப்பவர்கள் ஒவ்வொருவராகத் தன் வாயால் சொல்லி, அதை முறையாகத் தொகுத்துவிட்டால் ஆய்வு. ஆய்வை அவ்வளவு சுலபமாகத் துடைத்துவிட முடியாது.

முதல் நாள் போனபோது சர்வோகோ வாசலுக்கே வந்துவிட்டார். பலுப்பி அங்கே இருந்த காலத்தில் சாதாரண அலுவலர், இப்போது தலைவர். பாட்டிக் சட்டை, மணக்க மணக்க எண்ணெய் வைத்த தலை.

"நம்ம வீட்டுப் பொண்ணு படிச்சுட்டு வந்திருக்கா! விருந்தாளியைச் சக்கர நாற்காலியிலயா உக்கார வைக்கறது? நல்லா இருக்காதே."

கூடத்தில் செதுக்கு வேலை செய்த பெரிய தேக்கு சோபா இருந்தது. பலுப்பி, "வேண்டாம், எனக்கு இதுவே போதும்" என்றாள்.

"சரிங்க பாக்" என்றாள் உதாமி.

இரண்டு ஊழியர்கள் அவளைத் தூக்கி சோபாவில் வைத்தார்கள். மெத்தை அப்படியே அவளை உள்ளே விழுங்கிக்கொண்டது. பிடிமானம் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். உதாமி முதுகுக்குத் தலையணை கொடுத்து, ஒலிப்பதிவுக் கருவியை அவள் மடியில் வைத்தாள். சக்கர நாற்காலியை அவர்கள் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் கிறீச்சிட்ட சத்தம் தேய்ந்து போகிற வரை பலுப்பி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பழையது.

பேட்டிக்கு முதலில் இரண்டு பேரை அழைத்து வைத்திருந்தார் சர்வோகோ. ஒருவன் கெமின், நாற்பது வயது இருக்கும். அவனுக்கும் மூளைவாதம், பேச்சும் பலுப்பியின் பேச்சு மாதிரியேதான். இன்னொருத்தி துமிரா. பக்கத்து ஊரான க்ளாத்தெனில் வந்த நிலநடுக்கத்தில் சுவர் விழுந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போனது. வாய் மட்டும் கணீரென்று இருக்கும். சர்வோகோ அவர்களுக்கும் பலுப்பிக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கெட்டியான இனிப்புத் தேநீர் வந்தது. அவர் கையைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொல்லும் வரை யாரும் தொடவில்லை.

"இங்க வாழ்க்கை எப்படி இருக்கு, பு துமிரா?" என்று அம்மா முறை வைத்துப் பலுப்பி கேட்டாள். உதாமி அதைச் சரியாகவே சொன்னாள்.

துமிரா சர்வோகோவின் தோளைப் பார்த்தாள். "எல்லாம் நல்லா இருக்குங்க. குறை ஒண்ணும் இல்ல."

"மாஸ் கெமின், உங்களுக்கு?" என்று அண்ணன் முறை வைத்து அவனையும் கேட்டாள்.

கெமின் கழுத்தை வெட்டி வெட்டி, எச்சில் தெறிக்க, நிதானமாகச் சொன்னான். "சாயங்காலம் ஆனா நாற்காலியைப் பூட்டிடறாங்க. நேத்து ராத்திரி நனைஞ்ச படுக்கையிலதான் கிடந்தேன். இந்த ஆளு முன்னால நான் தாராளமா பேசுவேன். இவருக்கு ஒண்ணும் புரியாது."

சர்வோகோ அன்பாகச் சிரித்தார். "சாப்பாடு ரொம்ப ருசியா இருக்காம். எங்க கெமினுக்குச் சோறுதான் உசிரு."

பலுப்பிக்கு உடம்பு நடுங்கிற்று. அது எப்போதும் நடுங்குகிற உடம்பு என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. புரியும்படி பேசக்கூடியவளுக்குப் பயம் வாயை அடைத்திருக்கிறது. பயமில்லாதவன் பேசுவது அந்த மனிதருக்குப் புரிவதில்லை. சர்வோகோ இருக்கிற வரை இந்தக் கூடத்தில் உண்மைக்கு வழியே இல்லை.

"ம்பாக்" என்று அக்கா முறை வைத்து உதாமியை அழைத்தாள். "நான் சொல்றதை அப்படியே சொல்லு. ஒண்ணும் சேக்காத. பாக் சர்வோகோ, தயவுசெஞ்சு வெளியில போங்க. நீங்க இருக்கற வரைக்கும் நான் பேட்டி எடுக்க மாட்டேன்."

உதாமி தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். சர்வோகோவின் சிரித்த முகத்தைப் பார்த்தாள்.

"தேநீர் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றாங்க, பாக்."

கெமின் வெடித்துச் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு! நாற்காலியே குலுங்கிற்று. தலை பின்னால் போய், மூச்சு முட்டி, மறுபடி சிரித்தான். துமிரா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் மூக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டது.

சர்வோகோவுக்கு எதுவும் விளங்கவில்லை. உதாமிக்கு விளங்கிவிட்டது. அவள் முகம் கழுத்து வரை சிவந்து போயிற்று. இத்தனை காலமாக பலுப்பி சொன்னதும் உதாமி சொன்னதும் வேறுவேறு என்பது அந்த இரண்டு பேருக்குள் இருந்த விஷயம். ஊரில் மூன்றாவது ஆளுக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இங்கே இருப்பவர்களோ இப்படிப் பேசுகிறவர்களோடு ஒரே அறையில் படுத்து எழுந்திருப்பவர்கள். பலுப்பியின் வாயிலிருந்து வந்ததை அவர்கள் நேராகவே கேட்டுவிட்டார்கள்.

"இன்னொரு தடவை சொல்றேன்" என்றாள் பலுப்பி. இந்த முறை உதாமியைப் பார்க்கவில்லை. மெத்தைக்குள் புதைந்தபடியே சர்வோகோவின் கண்ணை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் தொண்டையிலிருந்து இழுத்து இழுத்துச் சொன்னாள். "வெளியில... போங்க... பாக்."

"என்ன சொல்றா?" என்று சர்வோகோ உதாமியைக் கேட்டார்.

உதாமி மடியில் கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலுப்பியின் வாழ்நாளில் அவள் ஒரு வார்த்தையும் எடுத்துச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

"என்னம்மா, அக்காவுக்கும் புரியலையா?"

"உங்களை வெளியில போகச் சொல்லுதுங்க அந்தப் பொண்ணு" என்றாள் துமிரா.

கெமின் சிரிப்பை நிறுத்தினான்.

"நான் சொல்லலைங்க, பாக்" என்று துமிரா அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "அது சொன்னதைத்தான் எடுத்துச் சொன்னேன். நான் போய் உங்களை அப்படிச் சொல்வேனா?" அவள் கண்ணில் ஏதோ மினுங்கிற்று. பிறத்தியார் வாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எவ்வளவு பெரிய வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது போலும்.

சர்வோகோவின் சிரிப்பு முகத்தைவிட்டுப் போகவில்லை. அந்த ஊரில் கோபம் வந்தால் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலமாகும். எழுந்தார். சட்டையின் கீழ் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரிங்க" என்றார்.

அது என்ன 'சரிங்க' என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். தொலைபேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தபடியே வராந்தாவுக்குப் போனார். "பாக் ஹர்கோனோ இருக்காரா?" என்று அவர் கேட்பது பலுப்பிக்குக் காதில் விழுந்தது.

உதாமி எழுந்தாள்.

"ம்பாக், போகாத" என்றாள் பலுப்பி.

"நான் போகலேன்னா யாரு போறது?" என்றாள் உதாமி. "சாயங்காலம் உன்னை அந்த மெத்தையிலேர்ந்து யாரு தூக்கறது? குளிப்பாட்டறது யாரு? இவரா, அந்தப் பெரியவரா? பேசிட்டுத்தான் வரணும்." சட்டையைச் சரிசெய்துகொண்டு குனிந்தபடியே வெளியே போனாள்.

சன்னலின் சாய்ந்த கண்ணாடிப் பட்டைகள் வழியாகப் பலுப்பிக்குக் கொஞ்சம்தான் தெரிந்தது. சர்வோகோவின் முதுகு. அதற்குப் பக்கத்தில் உதாமியின் தாழ்ந்த தலை. சற்றுத் தள்ளி, எட்டாத தூரத்தில், வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய சக்கர நாற்காலி. உதாமி ஏதோ சொன்னாள். சர்வோகோ தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். உதாமி மறுபடி ஏதோ சொன்னாள்.

மன்னிப்புக் கேட்கிறாளா? என் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்கிறாளா? அவள் சொன்னது அதுதான், நான்தான் அன்றைக்கு மாற்றிச் சொன்னேன் என்கிறாளா? இங்கிருந்து எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய்க் கேட்கவும் வழியில்லை.

அப்போது உதாமி நிமிர்ந்தாள். வாசலுக்கு வந்தாள். அந்தக் கூடத்துக் கதவு திறந்தே கிடக்கிற கதவு, யாரும் சாத்துவதில்லை. உள்ளே பார்க்காமலேயே அதை இழுத்துச் சாத்தினாள்.

உள்ளே பேசுவது அவருக்குக் கேட்கக் கூடாது என்றா? வெளியே பேசுவது பலுப்பிக்குக் கேட்கக் கூடாது என்றா?

பலுப்பி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் அந்தப் பேச்சு முடிந்தால் இந்த உதவித்தொகையும் முடிந்துவிடலாம். அது முடிகிற வரை இந்தக் கூடம் அவளுடையது. மடியில் கிடந்த ஒலிப்பதிவுக் கருவியை விரல் முட்டியால் தேடித் தேடி அழுத்தினாள். சிவப்புப் புள்ளி எரிந்தது.

"பு துமிரா" என்றாள். "சாயங்காலம் ஆனா உங்க நாற்காலி எங்க இருக்கும்?"

துமிரா மூடிய கதவைப் பார்த்தாள். பிறகு மெத்தைக்குள் கழுத்துவரை அமிழ்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்த பலுப்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்ப உன்னுது எங்க இருக்கு, டெக்?" என்று தங்கையைக் கேட்பது போல் கேட்டாள்.

"வராந்தாவுல."

"உன்னால போய் எடுக்க முடியுமா?"

"முடியாது."

"அப்படித்தான் எங்களுதும்" என்றாள் துமிரா. கெமின் தன் நாற்காலியைக் காலால் உந்தி உந்திக் கிட்டே கொண்டுவந்தான். துமிரா குரலைத் தாழ்த்திக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

வெளியே உதாமியின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. நடுநடுவே அதில் பலுப்பியின் பேர் வந்துகொண்டிருந்தது.